நாத்தனாருக்கு வயிற்றில் முளைத்த பல்

சீவலக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது அவள் வேலையால். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளமான அறை ஒன்றில் அவளுக்கு உத்தியோகம். ஆபரேஷனில் வெட்டி எடுக்கிற சதைத் துண்டுகளை மெழுகுக்குள் பதித்து, கத்தி பூட்டிய ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிச் சீவுவாள். ஒரு சீவலின் கனம் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு. தும்மினால் போச்சு. அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்க விட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுத்து, சாயம் ஏற்றி, மாடியில் இருக்கும் பெரிய டாக்டரம்மாவின் மேசைக்கு அனுப்புவாள். அங்கேதான் யாருக்கு என்ன நோய் என்பது முடிவாகும்.

சீவும்போது மூச்சை அடக்க வேண்டும். இப்படியே பத்தொன்பது வருஷம். பாதி நாளை மூச்சு விடாமல் கழிக்கிறவளுக்கு வீட்டில் வந்து வாயைத் திறக்கவும் பெரிய ஆசை இருந்ததில்லை. திறந்தாலும் இடம் கிடைத்திருக்காது. வீட்டில் நாத்தனார் இருந்தார்.

நாத்தனார் என்றால் அவள் கணவனின் அக்கா. ரயில் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் அறிவிப்பாளராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நேரத்துக்கு வர்ற ஆம்பளை ஒருத்தனையும் பாக்கலை" என்பார். அவர் குரல் மூன்று பிளாட்பாரத்துக்கும் கேட்கும் குரல். இரண்டு அறை வீட்டில் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், பாவம். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "கவனிக்கவும், உள்ளே சென்ற நபர் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக இயங்கிக்கொண்டிருக்கிறார்" என்று அறிவிப்பார். உள்ளே இருக்கும் தம்பி, லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக், நாற்பத்தொன்பது வயசு ஆள், சோப்பு நுரையோடு வெளியே வந்துவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் குரலுக்கு ஒரு கேடு வந்தது. மைக்கைத் தாங்குகிற இரும்புக் கை ஒருநாள் திருகு கழன்று நாத்தனாரின் முகத்தில் விழுந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று போயிற்று. பல் போனால் போகட்டும் என்று மறுநாளே வேலைக்குப் போய், "சற்று நேரத்தில்" என்று ஆரம்பித்தார். அந்தச் 'ச' சந்து வழியாகப் பாய்ந்து நீளமான விசிலாக வெளியே வந்தது. இரண்டாவது பிளாட்பாரத்தில் நின்ற வண்டியின் டிரைவர், கார்டு விசில் கொடுத்துவிட்டார் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். நான்கு நிமிஷம் முன்னாலேயே. பாதிப் பயணிகள் பிளாட்பாரத்தில். கார்டும் பிளாட்பாரத்தில், கையில் டீயோடு.

விசாரணையில் நாத்தனார் மீது ஒரு குற்றமும் சொல்லவில்லை. அவரே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். செயற்கைப் பல் கட்டிக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். "பொய்ப்பல்லை வெச்சுக்கிட்டு மெய்யான நேரத்தை எப்படிச் சொல்றது?" என்று ஒரே போடாகப் போட்டார். அன்றிலிருந்து வீட்டிலேயே விசிலோடு அறிவித்துக்கொண்டிருந்தார். தெரு நாய் ஒன்று தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வாசலிலேயே தங்கிவிட்டது.

இந்த நிலைமையில்தான் நாத்தனாருக்கு அடிவயிற்றில் வலி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். இடது சினைப்பையில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி. பயப்படுகிற மாதிரி தெரியவில்லை, ஆனாலும் எடுத்துவிடலாம் என்றார்கள். ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிந்தது. மதியம் அடித்தளத்துக்கு வந்த வாளி மாதிரியான டப்பாக்களில் ஒன்றின் மேல் நாத்தனாரின் பெயர் இருந்தது.

சீவலக்கா அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பெரிய டாக்டரம்மாவிடம் போய், "மேடம், இது எங்க வீட்டு ஆளோடது. வேற யாராவது..." என்று இழுத்தாள்.

"வேற யாரு இருக்கா? சீவறது நீ, பாக்கறது நான்" என்றார் டாக்டரம்மா. "தைரியமா இரு. வா, திறப்போம்."

டாக்டரம்மா கட்டியைப் பிளந்தார். உள்ளே உறைந்த எண்ணெய் மாதிரி மஞ்சளாகக் கொழகொழவென்று ஏதோ இருந்தது. அதற்குள் ஒரு கற்றை முடி. நல்ல கறுப்பு, பளபளவென்று. கத்தி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியதும் 'டிக்' என்று எதிலோ இடித்தது. டாக்டரம்மா இடுக்கியால் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். ஒரு பல். முழுப் பல். பக்கத்திலேயே பாதி முளைத்த இன்னொன்று.

"ஒண்ணரைப் பல்" என்று சொல்லி, அப்படியே பதிவேட்டிலும் எழுதினார்.

இது அதிசயமில்லை. பத்தொன்பது வருஷத்தில் இந்த மாதிரிக் கட்டி பதினோரு தடவை அந்த மேசைக்கு வந்திருக்கிறது. ஆனால் பதினோரு தடவையும் அது யாரோ ஒருவருடையது. நாத்தனாரின் தலை முழுக்க வெள்ளை. வயிற்றுக்குள் மட்டும் இருபது வயசுக் கூந்தல். சீவலக்காவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரித்ததற்காகச் சங்கடமும் வந்தது.

மூன்றாம் நாள் சீவி முடித்துச் சாயம் ஏற்றியதும், மாடிக்கு அனுப்புமுன் அவளே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். தோல் இருந்தது. மேலே செதில், கீழே அடுக்கடுக்காகச் செல்கள், எந்த அடுக்கும் இடம் மாறாமல். முடிவேர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒவ்வொரு வேருக்கும் பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பி. ஒரு மூலையில் கொஞ்சம் குருத்தெலும்பு. யாரும் மேற்பார்வை பார்க்காமல், ஐம்பத்துநான்கு வயசு அம்மாளின் வயிற்றுக்குள், இருட்டில், இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை நடந்திருக்கிறது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, "கெட்டது ஒண்ணும் இல்ல, நல்ல கட்டிதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

அங்கே வார்டில் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் நாத்தனாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். நாத்தனார் அதை வார்டுக்கு அறிவித்துவிட்டார். தையல் வலிக்க வலிக்க, பதினாறு கட்டிலுக்கும் கேட்கும்படி, "என் வயித்துல பல் முளைச்சிருக்கு" என்றார். சாயங்காலத்துக்குள் சித்தப்பா வந்துவிட்டார்.

சித்தப்பா, நாத்தனாருக்கும் அவர் தம்பிக்கும் சித்தப்பா. கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் எது நடந்தாலும் விசாரணை வைக்காமல் விடமாட்டார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, நோட்டுப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டார். சீவலக்காவும் கணவரும் உள்ளே வந்தபோது முதல் கேள்வி கேட்டாகிவிட்டது.

"அம்மாடி, மறைக்காம சொல்லு. பல் இருக்கு, முடி இருக்கு. அப்பா யாரு?"

நாத்தனார் நிதானமாக அவரைப் பார்த்தார். "சித்தப்பா, உங்களுக்கு அப்பா இருந்தாரே. உங்க வாயில ஒரு பல்லாவது இருக்கா?"

அடுத்த கட்டில்காரி சிரித்தாள். சித்தப்பா பொக்கை வாயை மூடிக்கொண்டு, 'சாட்சி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினார். பிறகு சீவலக்காவின் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா அந்தக் கட்டியைப் பாத்தே. நீ சொல்லு. கீழே பாட்டில் கழுவறவளுக்கு அதுகூடவா தெரியாது?"

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது குடும்பத்தில் அவ்வளவுதான் தெரியும். கணவரே அவளை ஒரு பார்வை பார்த்தார், இவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதுபோல. சீவலக்காவுக்கு முகம் சூடாயிற்று.

"அப்பான்னு யாரும் இல்லீங்க சித்தப்பா" என்றாள். "அண்ணி, நீங்க ஸ்டேஷன்ல இருந்தவங்க, உங்களுக்குப் புரியும். நாம எல்லாருமே முதல்ல ஒரே ஒரு செல்தான். அது ரெண்டாகி, நாலாகி, கோடிக்கணக்கா ஆகுது. ஒவ்வொண்ணு கையிலயும் முழு அட்டவணை இருக்கும். ஒரே அட்டவணை. அதுல பல் எப்படிச் செய்யணும், முடி எப்படிச் செய்யணும், எல்லாமே எழுதியிருக்கு."

"எல்லாரு கையிலயும் முழு அட்டவணையா?" நாத்தனார் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். "எல்லாரும் எல்லா வண்டியையும் அறிவிச்சா என்ன ஆகும்? அடிதடிதான்."

"அதுக்குத்தான், ஒவ்வொரு செல்லும் தான் எங்க இருக்கோம்னு பாத்து, அக்கம்பக்கத்து செல் சொல்றதைக் கேட்டு, தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் திறந்து வெச்சுக்கும். மத்ததை மூடிடும். கிழிக்காது, மூடி வெச்சுக்கும். கல்லீரல்ல இருக்கற செல்லுக்கும் பல் செய்யற பக்கம் கையில இருக்கு. ஆனா அது திறக்காது. சினைமுட்டைக்கான செல் மட்டும் எதையும் ஒரேயடியா மூடாது. அதுல இருந்து நாளைக்கு ஒரு முழு ஆளே வரணும் பாருங்க. உங்களுக்கு அதுல ஒண்ணு, யாரும் வராமலே, தானா முழிச்சுக்கிட்டு எல்லாத்தையும் படிக்க ஆரம்பிச்சிருக்கு. தோலு, முடி, எலும்பு, பல்லு. ஆனா எது எங்க வரணும்னு சொல்ல அங்க ஆள் இல்ல. அதான் பல் வந்துச்சு, வாய் வரலை."

இவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. சித்தப்பா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இருபத்தெட்டு வருஷம் ஒரு வண்டியைத் தப்பா சொன்னதில்ல நான்" என்றார் நாத்தனார் ஆற்றாமையோடு. "என் வயித்துக்குள்ளயே ஒருத்தி உக்காந்து இப்படி உளறியிருக்காளா?" திடீரென்று முகம் மலர்ந்தது. "ஏம்மா, அப்போ அது முழுக்க என் பல்லுதானே? வேற யாரோட கலப்பும் இல்லியே?"

"இல்ல அண்ணி. சுத்தமா உங்களோடது."

"பொய்ப்பல் இல்லியே?"

சீவலக்காவுக்கு அப்போதுதான் வண்டி எங்கே போகிறது என்று தெரிந்தது.

"அதைக் கொண்டா" என்றார் நாத்தனார். "என் வாயில வெக்கச் சொல்லு."

லேபில் மிச்சமிருப்பதைத் திரும்ப வாங்குவதற்கு ஒரு ஃபாரம் உண்டு. டாக்டரம்மா மறுக்கவில்லை. "ரிப்போர்ட் போட்டாச்சு. முழுப் பல்லைக் குடுத்துடலாம், அரைப் பல் நமக்கு இருக்கட்டும். ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வா" என்றார். சீவலக்கா முதல் மாடி ஆபீசுக்குப் போனாள். ஃபாரத்தில், உடம்பிலிருந்து எடுத்தது என்ன என்று குறிக்க மூன்றே மூன்று கட்டம்: கல், உலோகம், கை கால்.

"பல்லுக்குக் கட்டம் இல்லியே" என்றார் கிளார்க். "பல் பிரிவுல போய்க் கேளுங்க."

பல் பிரிவில் நர்ஸ் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "நாங்க பிடுங்கலையேம்மா. எங்க பதிவுல பல்லுன்னா ஒரு வாய் இருக்கணும். மேலயா கீழயா, இடமா வலமா, எழுதணும். இதுக்கு என்ன எழுதறது?" என்றாள்.

"இடது பக்கம். ரொம்பக் கீழ."

"விளையாடாதீங்க. எடுத்தவங்ககிட்ட போங்க."

எடுத்தவர்கள் பெண்கள் வார்டுக்காரர்கள். அங்கே, "எங்க பதிவுல பல்லுக்கே இடம் இல்ல. குழந்தைன்னா சொல்லுங்க, எடை போட்டு எழுதிக் குடுத்துடறோம்" என்றார்கள். அவள் பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். சித்தப்பா காதில் விழுந்தால் விசாரணை மறுபடி ஆரம்பமாகிவிடும்.

இரண்டு நாள் மாடிப்படி ஏறி இறங்கினாள். ஒவ்வொரு பிரிவும் தன் வேலையை மட்டும் அப்பழுக்கில்லாமல் செய்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் கிளார்க்கின் மேசையில் பேனாவை வாங்கி, 'கல்' என்ற கட்டத்தில் அவளே டிக் போட்டாள். தன் ஆயுளில் அவள் செய்த முதல் அத்துமீறல். கை நடுங்கவில்லை, அது நடுங்காத கை.

கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எத்தனை கல்?"

"ஒண்ணு."

"எங்க இருந்துச்சு?"

"சினைப்பையில."

"சினைப்பையில கல் வருமாம்மா?"

"பல்லே வருது சார்."

அவர் யோசித்தார். நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

பல்லை ஒரு நாள் முழுக்கக் குழாய்த் தண்ணீரில் கழுவி, பஞ்சு வைத்த டப்பாவில் போட்டுக்கொண்டு, தையல் பிரித்த மறுவாரம் நாத்தனாரோடு தெருமுனைப் பல் டாக்டரிடம் போனாள். அவர் ஒல்லியான மனிதர். சுவர் முழுக்கத் தாடையெலும்புப் படம். நாத்தனார் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறப்பதற்கு முன்னால் டப்பாவைத் திறந்தார்.

"இதை இங்க நட்டுடுங்க."

டாக்டர் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு பிடுங்கினது? வேரே சரியா வளரலையே."

"பிடுங்கலை. வயித்துல இருந்து எடுத்தாங்க."

"முழுங்கிட்டீங்களா?"

விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. சொல்லி முடித்ததும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அம்மா, பல்லை ஆணி மாதிரி அடிச்சு நட முடியாது. வேரைச் சுத்தி உயிரோட இருக்கற ஒரு சவ்வு வேணும். அதுல இருக்கற செல்தான் எலும்பைப் பிடிச்சுக்கும். இதுல எல்லாம் செத்துப்போச்சு. அதுவும் போக..." குரலைத் தாழ்த்தினார். "இது முன்பல் இல்ல. கடைவாய்ப் பக்கத்துப் பல்."

நாத்தனாரின் முகம் விழுந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் குரலே எழும்பாமல், "அதுலயும் பிளாட்பாரம் மாறிப்போச்சா?" என்றார். ரொம்ப மெதுவாக, விசில்கூட இல்லாமல்.

அந்தக் குரலைக் கேட்டு சீவலக்கா முன்னால் வந்தாள். "டாக்டர், முழுசா நட வேண்டாம்" என்றாள். "மேல் பாகத்தை மட்டும் சீவி எடுத்து, உள்பக்கத்துல பசை வெச்சு ரெண்டு பக்கத்துப் பல்லோட ஒட்டினா நிக்காதா? சீவறதுன்னா நான் வேணா..."

"பல்லை நீங்க சீவ வேணாம், அதுக்கு நான் இருக்கேன்" என்றார் டாக்டர் சற்று ரோஷமாக. ஆனால் பல்லை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "நிக்கும். தானா விழுந்த பல்லை அப்படி ஒட்டியிருக்கேன். வயித்துப் பல்லை ஒட்டினதில்ல." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "பூச்சு நல்லா இருக்கு. ஒரு வாய் சாப்பாடுகூடப் பாக்காத பல்லு இல்லியா. கறையே இல்ல."

நீராவியில் வேகவைத்து, அரைத்து, கூராக்கி, மூன்று தடவை அளவு பார்த்து, வியாழக்கிழமை காலை ஒட்டினார். கடிக்கக் கூடாது, பேச மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். பேச மட்டும்தான் வேண்டும் என்றார் நாத்தனார்.

வீட்டுக்கு வந்து ஹாலின் நடுவில் நின்றார். தம்பி வேலைக்குப் போகாமல் காத்திருந்தார். சித்தப்பா நோட்டோடு வந்திருந்தார். நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சற்று நேரத்தில்..." என்றார்.

'ச' சுத்தமாக வந்தது. வாசலில் நாய் அசையவில்லை. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த வண்டி என்று தெரியாமலே, "அக்கா, எத்தனாவது பிளாட்பாரம்?" என்று கேட்டார். சித்தப்பா தன் நோட்டில் 'அப்பா விஷயம் நிலுவையில்' என்று எழுதிப் புத்தகத்தை மூடினார்.

ரயில் நிலையத்தில் இப்போது பதிவு செய்த குரல்தான் பேசுகிறது, நாத்தனார் திரும்பிப் போகவில்லை. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து ஒரு மதியம், சொல்லாமல் கொள்ளாமல், ஆஸ்பத்திரி அடித்தளத்துக்கு வந்து நின்றார். சீவலக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகிற நேரம்.

"பல்லைச் செஞ்ச இடத்தைப் பாக்கணும்" என்றார்.

டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு, சீவலக்கா நாத்தனாரின் கட்டி பதிந்த கண்ணாடித் துண்டையே எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, குமிழைத் திருகிச் சரிசெய்து கொடுத்தாள். நாத்தனார் குனிந்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"இது என்ன, குழாய் குழாயா?"

"வேர்வைச் சுரப்பி."

"வயித்துக்குள்ள யாருக்காக வேர்க்குது?"

சீவலக்கா துண்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். "இங்க பாருங்க அண்ணி. இது மூச்சுக்குழாய்ல இருக்கற மாதிரி செல். மேல சின்னச் சின்னதா மயிர் மாதிரி தெரியுதா? அது எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமா அலையடிச்சுத் தூசியை வெளிய தள்ளும்."

"அங்க ஏது தூசி?"

"இல்ல. காத்தும் இல்ல."

நாத்தனார் நிமிரவேயில்லை. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து சீவலக்கா பார்த்ததில்லை.

"இதையா நீ பத்தொன்பது வருஷமா பாத்துக்கிட்டு இருக்கே?" என்றார் கடைசியில், குனிந்தபடியே. "வீட்டுல ஒரு வார்த்தை சொன்னதில்லியே?"

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க அண்ணி."

நாத்தனார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபித்துக்கொள்வாரோ என்று இருந்தது. அவர் சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அழுத்தி உட்கார்ந்தார்.

"சரி, இப்போ பேசலை. வேற என்ன இருக்கு, காட்டு."

சீவலக்கா மாணவர்களுக்காக வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து, குடலின் துண்டு ஒன்றை எடுத்தாள். விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்புகள், நடுநடுவே சளியை மட்டும் சுரக்கிற செல்கள், அடியில் புதுச் செல்கள் பிறக்கிற பள்ளங்கள். ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். டப்பாவில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.